பாக்கி: வறுமைக்கோட்டுக்குள் வராத கணக்கு

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளியிடம் வருமானம் எவ்வளவு என்று கேட்பது பாதிக் கேள்விதான். ‘கூலியக் கேக்கறீங்க தோழர், பாக்கியக் கேக்கலையே’ என்றார் ஒருவர் என்னிடம். பாக்கி என்பது தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம். அதைத் தீர்க்காமல் பட்டறை மாற முடியாது. இங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நெவ், 1999இல் வெளிவந்த கட்டுரையில், பாக்கி தொழிலாளியைக் கட்டிப்போடுவதையும் அதையே அவன் பேரத்துக்குப் பயன்படுத்துவதையும் சேர்த்தே பேசினார்.

நமது வறுமைக்கோடுகளோ இதைப் பார்ப்பதேயில்லை. 2014இல் ரங்கராஜன் குழு கிராமத்துக்கு நாளொன்றுக்கு 32 ரூபாய், நகரத்துக்கு 47 ரூபாய் என்று செலவை வைத்துக் கோடு கிழித்தது. கடன் வாங்கித் தின்றாலும் செலவு செலவுதானே! வருமானத்தைத் தாண்டி அளப்பதாகச் சொல்லும் நிதி ஆயோக்கின் பல்பரிமாணக் குறியீட்டில் 12 அளவைகள். வங்கிக் கணக்கு உண்டு, கடன் இல்லை. 2025இல் பள்ளிபாளையத்தில் கடனுக்காகச் சிறுநீரகம் விற்றவர்கள் செய்தியானார்கள். அவர்களுக்கும் வங்கிக் கணக்கு இருந்திருக்கும்.

ஜகாத்தை ஒரு வறுமைப் பிரதியாக வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குர்ஆன் 9:60 பெறத் தகுந்தவர்களாக எட்டு வகையினரைச் சொல்கிறது. ஏழையும் வறியவனும் முதலில் வருகிறார்கள். ஆனால் பட்டியல் அதோடு நிற்கவில்லை. கடன்பட்டவன் தனி வகை, அடிமைத்தளையில் இருப்பவன் தனி வகை. பின்னதற்கான ‘ரிகாப்’ என்ற சொல்லின் நேர்ப்பொருள் கழுத்துகள். கொடுப்பவனை அளப்பதும் சம்பளத்தை வைத்தல்ல. குடியிருக்கும் வீடும் தொழில் கருவியும் கணக்கில் சேராது. ஹனஃபி மரபில் கடனும் கழிக்கப்படும். ஓராண்டு கையில் நின்ற மிச்சத்துக்குத்தான் 2.5 விழுக்காடு.

இதைக் கொண்டாடிவிட்டுப் போய்விட முடியாது. நடைமுறையில் ஜகாத் பெரும்பாலும் ரமலான் மாத அரிசியாகவும் கைலியாகவும் சுருங்கிவிடுகிறது. பெரும்பான்மைச் சட்ட அறிஞர்கள் அதை முஸ்லிம்களுக்கு மட்டும் என்கிறார்கள், மற்றவர்களுக்கு சதக்கா. தறிக்கூடத்துப் பாக்கிக்கு மதமில்லை. இன்னொன்றும் உண்டு: ஜகாத் பணத்தில் பாக்கியை அடைத்தால் அது போய்ச் சேர்வது முதலாளி பெட்டிக்கு. அடுத்த தீபாவளிக்குப் புதுப் பாக்கி. அமைப்பு அப்படியே இருக்கும்.

1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வேறு மொழி பேசுகிறது. கொத்தடிமைக் கடனை யாரும் அடைக்க வேண்டாம், அது செல்லாது என்கிறது. ஆனால் யார் அப்படிக் கட்டுண்டவர் என்று கண்டுபிடிக்கத்தான் நம்மிடம் அளவுகோல் இல்லை. அளவை ஜகாத்திடமிருந்தும் தீர்வை இந்தச் சட்டத்திடமிருந்தும் எடுத்துக்கொள்வதில் நமக்கென்ன தயக்கம்? அடுத்த முறை கணக்கெடுக்கப் போகும் தோழர்கள் முதல் கேள்வியாகப் பாக்கியைக் கேட்கட்டும்.