கரண்ட் திரும்பி வரும் என்ற நம்பிக்கை

ஹைதராபாத்தின் வடக்கு விளிம்பில் இருக்கும் ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்கு 2012 ஒரு கெட்ட ஆண்டு. அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் மின்பற்றாக்குறை முற்றிப்போய், தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் வரை ‘பவர் ஹாலிடே’ விட்டார்கள். வசதியுள்ள ஆலைகள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டிச் சமாளித்தன. சின்னப் பட்டறைகள் ஷட்டரை இறக்கின. வீடுகளில் இன்வெர்ட்டரும் அதற்கடியில் ஒரு கனத்த டியூபுலர் பேட்டரியும் பீரோ, கட்டிலைப் போல நிரந்தரச் சாமான் ஆயின. 2014-இல் தெலங்கானா பிறந்த பிறகு சில ஆண்டுகளில் மின்வெட்டு ஏறக்குறைய மறைந்துவிட்டது. பேட்டரியைப் பற்றிய நம் எண்ணம் மட்டும் அந்த நாட்களிலேயே நின்றுவிட்டது. வேனைப் படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டியோடு கேரவனாக மாற்றுகிறவர்களில் பலர், வீட்டுக்கு வாங்கும் அதே 150 ஆம்பியர்-மணி டியூபுலரை வாங்கி இருக்கைக்கு அடியில் கட்டிவிடுகிறார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆனால் அது வீட்டுக்குப் போட்ட கணக்கு. போன கரண்ட் சில மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. நகரும் வீட்டில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை என்பதே என் வாதம். எந்த பேட்டரி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், சார்ஜ் எங்கிருந்து, எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்க வேண்டும்.

டியூபுலரின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடலாம். அதன் நேர்மின் தகடு, ஈயப் பசையைக் குழாய்ப் பைகளுக்குள் அடைத்துச் செய்தது. அதனால் பசை எளிதில் உதிர்வதில்லை. கார் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி சில வினாடிகள் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டுவதற்கென்று செய்யப்பட்டது. அதை இரவெல்லாம் மெல்ல வடித்தால் சில மாதங்களில் செத்துவிடும். டியூபுலர் தாங்கும். எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும், விலை பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும், பழையதைக் கொடுத்தால் எடை போட்டு விலையில் கழித்துக்கொள்வார்கள். உடல்நிலையை அறிய மின்னணுக் கருவி எதுவும் தேவையில்லை. மூடியைத் திருகி ஹைட்ரோமீட்டரை விட்டு அமிலத்தை உறிஞ்சினால், முழுச் சார்ஜில் 27 டிகிரி வெப்பத்தில் கிராவிட்டி 1.240-ஐ ஒட்டிக் காட்டும். ஆறு செல்லில் ஒன்று மட்டும் கீழே நின்றால் நோய் எந்தச் செல்லில் என்று தெரிந்துவிடும். இவ்வளவு வெளிப்படையாகத் தன் நிலையைச் சொல்லும் பேட்டரி வேறில்லை. லித்தியம் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. செயலி காட்டும் சதவீதத்தை நம்பித்தான் ஆகவேண்டும்.

சிக்கல் வண்டியில் ஏறியதும் தொடங்குகிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்றால் 1,800 வாட்-மணி. ஈய பேட்டரியை நாள்தோறும் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால், கைக்குக் கிடைப்பது 900-தான். ஹைதராபாத்தின் மே மாத வெயிலில் 45 வாட் கம்ப்ரஸர் கொண்ட சின்ன குளிர்பெட்டியே ஒரு நாளைக்கு 600 வாட்-மணிக்கு மேல் குடித்துவிடும். 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 300. விளக்கு, செல்பேசி, தண்ணீர்ப் பம்பு என்று இன்னொரு 100. அதாவது ஏ.சி. பேச்சையே எடுக்காமல் ஒரே நாளில் அந்தப் பாதி முழுதும் தீர்ந்துவிட்டது. இது கூடப் பொறுக்கத்தக்கது. மறுபடி நிரப்புவதில்தான் உண்மையான இடி. ஈய பேட்டரி எண்பது சதவீதம் வரை ஓரளவு விரைவாக வாங்கிக்கொள்ளும்; மீதி இருபதை மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத்தான் வாங்கும். முழுதாக நிரம்ப பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மூன்று மணி நேரம் ஓடும் வண்டியின் ஆல்டர்னேட்டர் முந்தைய நாள் செலவில் பாதியை ஈடுகட்டினால் அதிகம். போதாக்குறைக்கு, பி.எஸ். 6 புகை விதி வந்த பிறகு பல வண்டிகளில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜைக் கணினியே குறைத்துவிடுகிறது. இப்படி நாள்தோறும் அரைவயிற்றோடு கிடக்கும் ஈயத் தகட்டில் சல்பேட் படிகம் இறுகிப் படிகிறது. இறுகியதைக் கரைப்பது கடினம். வீட்டில் ஐந்தாண்டு உழைத்த அதே பேட்டரி வண்டியில் சீக்கிரமே ‘பிடிக்கவில்லை’ என்று பெயர் வாங்குவது இதனால்தான். வட இந்திய நகரங்களில் ஓடும் ஈய பேட்டரி மின்ரிக்‌ஷாக்கள் இதற்குப் பெரிய சாட்சி: நாள்தோறும் அடிவரை வடிப்பதால் ஓராண்டு தாண்டும் பேட்டரி அங்கே அரிது.

சக்கரத்தின்மேல் ஈய பேட்டரி வேலைக்கே ஆகாது என்று யாராவது சொன்னால் அதையும் ஒப்ப முடியாது. நம் ரயில்வே அதைப் பல பத்தாண்டுகள் நடத்திக் காட்டியிருக்கிறது. தானே மின்சாரம் உண்டாக்கும் பழைய வகை ஏ.சி. பெட்டியின் அடியில், அச்சோடு பெல்ட்டால் இணைந்த இரண்டு 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர்களும், 56 ஈய செல்களைக் கோத்த 110 வோல்ட், 1,100 ஆம்பியர்-மணி பேட்டரித் தொகுதியும் தொங்கும். கணக்குப் போட்டால் 121 கிலோவாட்-மணி. முன்பு சொன்ன வேன் பேட்டரியைப் போல அறுபத்தேழு மடங்கு. வண்டி நிலையத்தில் நிற்கும்போது விளக்கும் விசிறியும் அதிலிருந்துதான். அது நிலைத்ததற்குக் காரணம் ஈயத்தின் பெருமை மட்டும் அன்று. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பெட்டி பராமரிப்புத் தடமான பிட்லைனுக்குத் திரும்பும், அங்கே வெளி மின்சாரத்தில் சார்ஜ் ஏறும், ஒவ்வொரு செல்லையும் அளந்து பதிவேட்டில் எழுத ஆள் இருப்பார். கரண்ட் திரும்பி வரும் என்ற உத்தரவாதத்தை ரயில்வே தன் கையாலேயே உண்டாக்கிக்கொண்டது. அதே ரயில்வே எல்.ஹெச்.பி. என்ற புது வகைப் பெட்டிகளுக்கு மாறியபோது இந்தப் பாரத்தைச் சுமக்க விரும்பவில்லை. முதலில் வண்டியின் கோடியில் ஜெனரேட்டர் பெட்டியை வைத்தது, பிறகு மேல்கம்பி மின்சாரத்தை எஞ்சின் வழியாகவே பெட்டிகளுக்கு அனுப்பியது. தனியாள் ஓட்டும் வேனுக்குப் பிட்லைனும் இல்லை, பதிவேடும் இல்லை.

இங்கேதான் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பொருத்தமாக வந்து சேர்கிறது. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி பதின்மூன்று கிலோவை ஒட்டித்தான் இருக்கும். டியூபுலரோ ஐம்பத்தைந்து, அறுபது கிலோ. 1,280 வாட்-மணியில் எண்பது முதல் தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம் என்பதால், பெயரளவில் பெரிய 150 டியூபுலரைவிட இது அதிகம் தருகிறது. சில ஆயிரம் முறை ஏற்றி இறக்கலாம். இவற்றை எல்லா விளம்பரமும் சொல்லும். நம் வாதத்துக்கு முக்கியமானது விளம்பரங்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று: இந்த பேட்டரி அரைவயிற்றில் சுகமாக இருக்கும். முழுதாக நிரம்பவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. முழுதாக நிரப்பி வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் அதற்குக் கெடுதல். கிடைக்கும்போது கிடைப்பதை வாங்கிக்கொள்ளும் இந்தக் குணம் பயணிக்கு ஏற்றது. ஆனால் டியூபுலரைக் கழற்றிவிட்டு அதே ஒயரில் இதை மாட்டினால் வேறு விதமாகக் கெடும். உள்தடை மிகக் குறைவு என்பதால் ஆல்டர்னேட்டர் தரக்கூடியதை எல்லாம் இழுத்துக்கொள்ளும். எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது குளிர்விக்கும் காற்றும் குறைவாதலால் ஆல்டர்னேட்டர் கருகும். பேட்டரியின் காவல் சர்க்யூட் நடுவில் சட்டென்று துண்டித்தால் எழும் வோல்ட்டேஜ் எகிறலில் டையோடு போய்விடும். பழைய இன்வெர்ட்டரின் சார்ஜரோ ஈயச் செல்களைச் சமப்படுத்தும் ‘ஈக்வலைஸ்’ வேளையில் 15 வோல்ட்டைத் தாண்டும். லித்தியத்தின் வரம்பு 14.6. ஆகவே நடுவில் ஒரு டி.சி.-டி.சி. சார்ஜர் வேண்டும். 30 ஆம்பியர் சார்ஜர் ஒன்று மூன்று மணி நேர ஓட்டத்தில் 90 ஆம்பியர்-மணியை ஏற்றிவிடும், ஆல்டர்னேட்டரையும் காக்கும். லித்தியத்துக்குச் செலவழித்துவிட்டு இதை மிச்சம் பிடிக்கிறவர்களை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

வெயிலைக் காட்டி எழும் மறுப்பு வலுவானது. இரும்பு பாஸ்பேட் செல்களைச் சார்ஜ் செய்ய உற்பத்தியாளர்கள் வைக்கும் உச்சவரம்பு பெரும்பாலும் 45 முதல் 55 டிகிரி. மே மாதத்தில் மூடி நிறுத்திய தகர வண்டிக்குள் அந்த வெப்பம் மதியத்துக்குள் வந்துவிடும். காவல் சர்க்யூட் சார்ஜை நிறுத்திவிடும், கூரையில் சூரியத் தகடு வீணே காயும். ஆனால் வெயில் ஈயத்தை மட்டும் விட்டுவைக்கிறதா? வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது துறையின் பழைய விதி. லித்தியம் வேலைநிறுத்தம் செய்கிறது. ஈயம் வாய்திறக்காமல் சாகிறது. அடுத்தது தீ பற்றிய அச்சம். 2022 செப்டம்பரில், ஜீடிமெட்லாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள செகந்திராபாதில், மின்ஸ்கூட்டர் காட்சியகத்தில் பற்றிய தீயின் புகை மேலே இருந்த விடுதிக்குள் ஏறி எட்டுப் பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் முதல் இருசக்கர மின்வாகன பேட்டரிகளுக்கான சோதனை விதி கடுமையாக்கப்பட்டது. இரும்பு பாஸ்பேட், ஸ்கூட்டர்களில் பரவலாக இருந்த நிக்கல்-கோபால்ட் வகையைவிட வெப்பத்தில் நிதானமானது என்பது உண்மை. ஆனால் கேரவனின் வீட்டு பேட்டரி அந்த விதிக்குள் வருவதில்லை என்பதும் உண்மை. கழித்த செல்களைப் பிரித்துக் கட்டி, புதுப் பெட்டியில் போட்டு மலிவாக விற்பவரைத் தடுக்க வாங்குபவரின் கண்தான் இருக்கிறது. இதற்குப் பயந்து டியூபுலருக்கே திரும்புகிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது அது ஹைட்ரஜனை விடுகிறது. காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தால் போதும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். வீட்டுப் பால்கனியில் அது பொருட்டில்லை. படுக்கைக்கு அடியில், ஜன்னல் மூடிய வண்டியில், பக்கத்தில் கேஸ் அடுப்போடு?

விலையைப் பொறுத்தவரை டியூபுலர்காரர் பக்கம் இன்னும் நியாயம் மிச்சமிருக்கிறது. லித்தியம் இரண்டு மடங்கு விலை. சார்ஜரைச் சேர்த்தால் இன்னும் மேலே. வருடத்தில் பதினைந்து இரவு மட்டும் வண்டியில் தூங்குகிறவருக்கு ஆயிரக்கணக்கான சுழற்சி எதற்கு? அவர் போய் நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இருந்தால், ஈயம் போதும். கேரளம் 2021-இல் கொண்டுவந்த கேரவன் சுற்றுலாக் கொள்கையின் போக்கும் இதுதான்: வண்டி கேரவன் பூங்காவுக்கு வந்து நிற்கும், இரவெல்லாம் இணைப்பு இருக்கும். அங்கே ரயில்வேயின் பிட்லைன் சிறிய உருவில் வந்துவிடுகிறது. கசியாத, மூடிய ஏ.ஜி.எம். ஈய வகையை வைத்தால் வாயுக் கவலையும் பெருமளவு தீரும். சாவுக்குப் பிறகான கதையிலும் ஈயமே முந்துகிறது. செத்த ஈய பேட்டரிக்குக் காசு கிடைக்கும். கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத இரும்பு பாஸ்பேட்டை எடுத்துப் போக யாருக்கும் அவசரமில்லை. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் எல்லா வகைக்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகின்றன. தெருமுனைக் கடைவரை அது வந்துசேர நாளாகும். ஈயத்தின் காசும் களங்கமில்லாதது அன்று. அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்த உலையில் உருக்குவோர் நாடெங்கும் இருக்கிறார்கள்.

கூரைச் சூரியத் தகடு எல்லாவற்றையும் தீர்க்கும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 400 வாட் தகடு நல்ல நாளில் ஒன்றரை கிலோவாட்-மணி தரும், மழைக்காலத்தில் அதில் பாதி வந்தால் பெரிது. நிழலில் வண்டியை நிறுத்தத் துடிக்கும் நாட்டில் வெயிலில் நிறுத்தினால்தான் கரண்ட் என்பது பாதி ஆறுதலே.

சுற்றுலாவை விட்டு, வண்டியில் உண்மையாகவே வாழ்கிறவர்களிடம் வருவோம். ஜீடிமெட்லாவின் சரக்கு வடக்கே போக ஏறும் நெடுஞ்சாலை 44, கன்னியாகுமரியில் முடியும் அதே சாலை. அதன் ஓரத்தில் இரவில் வரிசையாக நிற்கும் லாரிகளுக்குள் தூங்குகிறவர்களுக்கு யாரும் கேரவன்வாசி என்று பெயர் வைப்பதில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். நல்ல விதிதான், ஆனால் அந்த ஏ.சி. எஞ்சின் ஓடினால்தான் ஓடும். வண்டியை நிறுத்தித் தூங்கும் எட்டு மணி நேரத்துக்கு எஞ்சினை ஐடிலில் விட்டால் மணிக்கு இரண்டு லிட்டர் வீதம் பதினாறு லிட்டர் டீசல். லிட்டர் 95 ரூபாய் என்றால் ஓரிரவுக்கு 1,500 ரூபாய்க்கு மேல். எந்த முதலாளியும் தரமாட்டார், ஓட்டுநர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொசுவோடு தூங்குவார். நிறுத்திய வண்டிக்கென்று வரும் 24 வோல்ட் ஏ.சி. சராசரியாக 500 வாட் எடுத்தால் ஓரிரவுக்கு நான்கு கிலோவாட்-மணி. லாரியின் ஸ்டார்ட்டர் பேட்டரிகளால் இது ஆகாது. காலையில் எஞ்சின் கிளம்பாது. 24 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் தொகுதி ஐந்து கிலோவாட்-மணி வைத்திருக்கும், எடை ஏறக்குறைய இரண்டு லாரி பேட்டரிக்குள் அடங்கும். பகலில் எட்டு மணி நேரம் ஓடும் வண்டியில் இருபது ஆம்பியர் சொச்சம் ஒதுக்கினாலே அது நிரம்பிவிடும். கேரவனுக்கு இல்லாத வசதி லாரிக்கு இருக்கிறது: நாள்தோறும் நீண்ட ஓட்டம். டீசல் கணக்கைப் பார்த்தால் சில மாத இரவுகளிலேயே முதல் திரும்பிவிடும். விதி எழுதியவர்கள் ஓடும் வண்டியின் குளிர்ச்சியைச் சோதிக்கத் தரநிர்ணயம் வைத்தார்கள். நின்ற வண்டிக்கு இரண்டாவது பேட்டரி கேட்கவில்லை.