பூனையின் ஈரலும் நம் வீட்டுக் கஷாயமும்

சளி பிடித்தால் துளசித் தேநீர், வயிறு மந்தமானால் சுக்குக் கஷாயம் என்று பழகிய வீட்டில், சோர்ந்து படுத்திருக்கும் பூனைக்கும் அதிலேயே ஒரு மூடி ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. கணக்கு என்னவோ நியாயமாகத்தான் தெரிகிறது: 60 கிலோ ஆளுக்கு 150 மில்லி என்றால் 4 கிலோ பூனைக்கு 10 மில்லி. வகுத்ததில் பிழையில்லை. பூனையைக் குட்டி மனிதனாக எண்ணிக்கொண்டதில்தான் பிழை. செடிகளின் மணத்துக்கும் காரத்துக்கும் காரணமான பொருள்களில் பல பீனால் வகையைச் சேர்ந்தவை. நம் கல்லீரல் அவற்றோடு குளுக்குரோனிக் அமிலத்தைப் பிணைத்து வெளியே தள்ளிவிடும். இந்த வேலையைச் செய்யும் முக்கிய நொதி ஒன்றுக்கான மரபணு பூனையிடம் சிதைந்து கிடக்கிறது. நாம் சாதாரணமாக விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆஸ்பிரினும் அப்படித்தான், நம் உடலில் சில மணி நேரத்தில் பாதியாகக் குறைவது, பூனையின் உடலில் பாதியாகவே ஒன்றரை நாள்வரைகூட ஆகும். இன்று கொடுத்தது போகுமுன் நாளைக்குக் கொடுப்பதும் சேர்ந்துவிடுகிறது.

மாத்திரையும் மூலிகையும் ஒன்றா என்று கேட்கலாம். ஒன்றல்ல. வெந்நீரில் இறங்கும் சாறு, அதே செடியிலிருந்து வடித்த எண்ணெயைவிடப் பலமடங்கு நீர்த்தது. ஆறிப்போன துளசித் தேநீரைப் பூனை ஒருமுறை நக்கிவிட்டால் பதற வேண்டியதில்லை. ஆனால் மருந்தென்று நினைத்துக் கொடுப்பவர் ஒருமுறையோடு நிறுத்துவதில்லை. துளசியிலும் கிராம்பிலும் இருக்கும் யூஜினால் ஒரு பீனால்தான். 15 சரக்குகள் சேரும் கபசுரக் குடிநீரில் கிராம்பும் ஒன்று. மற்ற பதினான்கும் பூனையின் ஈரலில் என்ன ஆகும் என்று சொல்லும் ஆய்வு எதையும் காட்டி அதை யாரும் பூனைக்குப் பரிந்துரைப்பதில்லை. சாதுவானது என்று பெயரெடுத்த கெமோமிலையும், பூனைக்கு ஆகாத செடிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது அமெரிக்க விலங்கு நல அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ. தேயிலை கலந்த பாக்கெட்டில் கஃபீனும் கூடவே வரும்.

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது. தனக்கு வேண்டிய செடி பூனைக்கே தெரியும் என்பார்கள். குப்பைமேனியின் வேரைக் கண்டால் பூனை சொக்கிப்போய்ப் புரளும். பூனைவணங்கி என்ற பெயரே அதனால் வந்தது. ஆனால் ஈர்ப்பு வேறு, பாதுகாப்பு வேறு. ஜி6பிடி நொதி குறைந்த சிலர் குப்பைமேனியை உட்கொண்டு, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வெங்காயம், பூண்டுக்கே சிதையக்கூடிய பூனையின் சிவப்பணுவை நம்பி அந்தக் கஷாயத்தைப் புகட்ட எனக்குத் துணிவில்லை. கடைகளில் விற்கும் கேட்னிப் வேண்டுமானால் விளையாட்டுக்கு ஆகும். அதன் மயக்கம் மூக்கு வழியாக ஏறுவது. உலர்ந்த இலையைத் தூவினாலே போதும், தேநீராக்கி ஊற்றுவதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

நஞ்சைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இரண்டு. ஒன்று, புகட்டும் முறை. கசப்பு நாக்கில் பட்டதும் பூனை வாயில் நுரை தள்ளித் தலையை உதறும். அப்போது சிரிஞ்சை அழுத்தினால் நீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். மற்றது, கடந்துபோகும் நேரம். மணல் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி, முக்கி, சொட்டுச் சிறுநீரும் வராமல் கத்தும் கடுவன் பூனையைப் பார்த்து, சூடு பிடித்திருக்கிறது என்று பார்லித் தண்ணீரும் நெருஞ்சில் கஷாயமும் கொடுக்கிறார்கள். நீர்த்தாரை அடைபட்ட பூனை அது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுபோகக்கூடும். குழாய் செருகி அடைப்பை எடுக்கக் கால்நடை மருத்துவரால்தான் முடியும். அதுவரை புகட்டும் ஒவ்வொரு மூடியும், வெளியேற வழியில்லாத பைக்குள்தான் போய்ச் சேர்கிறது.