எழுத்தர் கை தவறிப் பிறந்த பெண்

1582 நவம்பர் 27ஆம் தேதி, இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் ஆயர் அலுவலக எழுத்தர் ஒருவர் திருமண அனுமதி ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றினார். மணமகன் வில்லியம் ஷேக்ஸ்பியர். மணமகள் டெம்பிள் கிராஃப்டன் ஊரைச் சேர்ந்த ஆன் வேட்லி. மறுநாள் எழுதப்பட்ட பிணைப் பத்திரத்திலோ மணமகள் ஸ்டிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆன் ஹாத்வே. ஒரே இரவில் பெண் மாறிவிட்டாளா? கவிஞர் கைவிட்ட காதலிதான் வேட்லி என்று பிற்காலத்தில் கதையே கட்டினார்கள். அதே நாளில் அந்த அலுவலகத்தின் முன் வில்லியம் வேட்லி என்ற பாதிரியாரின் வழக்கும் இருந்தது. அந்தப் பெயர் காதில் ஒலித்துக்கொண்டிருக்க எழுத்தரின் கை தவறியிருக்கும் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

ஷேக்ஸ்பியர் என்பதால் ஊர் உலகமே கூடி இந்த முடிச்சை அவிழ்த்தது. அவர் ஒரு சாதாரணச் செம்மானாக இருந்து, அந்த இரண்டாவது தாளும் செல்லரித்துப் போயிருந்தால், பேரன் பேத்திகள் வேட்லி குடும்பத்தைத் தாய்வழியாக எழுதி, வம்ச மரம் வரைந்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பார்கள். பழைய பதிவேடுகளில் மூதாதையரைத் தேடும் ஆங்கிலேயர் வழக்கத்தின் பலம், பலவீனம் இரண்டுமே அந்த இரண்டு தாள்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன.

பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்குத் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் ஆணையிட்டார். புது வரிக்கு அடிபோடுகிறார்கள் என்று சனங்கள் சந்தேகப்பட்டார்கள். (சந்தேகம் வீண்போகவில்லை. 245 ஆண்டு கழித்து, 1783இல், பதிவு ஒன்றுக்கு மூன்று பென்னி வரி வந்தே விட்டது.) நோக்கம் எதுவானாலும், நிலமும் பட்டமும் இல்லாத கூலிக்காரனின் பெயர், அவன் பிறந்தான், மணந்தான், செத்தான் என்பதற்காகவே ஏட்டில் ஏறியது. 1754க்குப் பிறகு மணமக்கள் கையெழுத்தும் இட வேண்டியிருந்தது. எழுதத் தெரியாதவர்கள் பெருக்கல் குறி போல ஒன்றைக் கீறினார்கள். இது இன்னாருடைய குறி என்று பக்கத்தில் எழுதியிருக்கும். பேனா பிடித்துப் பழகாத விரல் அழுத்திய அந்த மைத்தழும்பைப் பார்க்கிறவர்களுக்குத் தொண்டை அடைத்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் அந்த ஏடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று நிதானிக்க வேண்டும். ஸ்டிராட்ஃபோர்ட் பதிவேட்டில் 1564 ஏப்ரல் 26 என்று இருப்பது ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நான நாள். பிறந்தநாள் ஏப்ரல் 23 என்பது பிறகு வந்த ஊகம். இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கும் பக்கமும் மூலம் அல்ல; பழைய தாளிலிருந்து தோலேட்டில் பெயர்த்து எழுதிய நகல். வரி இருந்த காலத்தில் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. பரம ஏழைகளுக்கு விலக்கு இருந்ததால் ஏழை என்று எழுதச் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். அரசுத் திருச்சபையை ஏற்காத கிறிஸ்தவர்கள் தங்கள் பிள்ளைகளை வேறு வழிபாட்டுக் கூடங்களுக்குக் கொண்டுபோனார்கள். 1640களின் உள்நாட்டுப் போரில் பல ஊர் ஏடுகள் ஆண்டுக்கணக்கில் வெறுமையாகக் கிடக்கின்றன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கதை வேறு. 1801இல் தொடங்கியது என்றாலும், நாடு முழுவதும் ஆள் பெயரோடு எடுத்து முறையாகக் காக்கப்பட்டது 1841இலிருந்துதான். அந்த முதல் படிவத்தைப் பார்க்கிறவர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 24 வயதுக்காரன் 20 ஆனான், 59 வயதுக்காரி 55 ஆனாள். பிறந்த ஊர் கிடையாது. இதே மாவட்டமா என்பதற்கு ஆம், இல்லை என்று மட்டும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் பெண் மனைவியா, தங்கையா, தம்பி பெண்டாட்டியா என்ற குறிப்பும் இல்லை. 1851இல்தான் உறவு, சரியான வயது, பிறந்த ஊர் மூன்றும் வந்தன. பெண்களின் வேலை அதன் பிறகும் பலமுறை விடுபட்டது. வீட்டிலிருந்தபடி லேஸ் பின்னிக் காசு பார்த்தவளின் தொழில் கட்டம் காலியாக இருந்ததும் உண்டு. எதிர்ப்பும் பதிவானது. 1911 கணக்கெடுப்பின்போது வாக்குரிமைப் போராளி எமிலி டேவிசன் நாடாளுமன்ற நிலவறையில் இருந்த ஒரு சிறு அறைக்குள் ஒளிந்துகொண்டார். அங்கும் எண்ணினார்கள், அவர் தங்கியிருந்த வீட்டிலும் எண்ணினார்கள். ஆக அவர் இரண்டு பேர்! 1931 கணக்கெடுப்பின் ஏடுகள் 1942இல் தீயில் போயின. 1941இல் போரால் கணக்கெடுப்பே இல்லை.

இவ்வளவு ஓட்டை இருப்பதால் முறையே பயனற்றது என்று சொல்லமாட்டேன். நல்ல தேடலாளர்கள் ஓட்டையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஜான் ஸ்மித்துக்கு 1790இல் ஞானஸ்நானம் என்று ஒரு வரி கிடைத்தவுடன் துள்ளிக் குதிக்காமல், அடுத்த சில ஆண்டுகளின் அடக்கப் பக்கங்களைப் புரட்டி, அந்தக் குழந்தை இறந்துவிடவில்லையே என்று பார்ப்பார்கள். குழந்தை செத்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பதும் அன்று சகஜம். பக்கத்து ஊரில் அதே வயதில் இன்னொரு ஜான் ஸ்மித் இல்லை என்றும் காட்ட வேண்டும். இது தேடும் வேலையை விடத் தள்ளும் வேலை. அலுப்பூட்டும், ஆனால் இதில்தான் மரியாதை இருக்கிறது.

கட்டண இணையதளங்கள் கெடுப்பது இந்தப் பொறுமையைத்தான். உங்கள் கொள்ளுப்பாட்டனைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று திரை ஓரத்தில் ஒரு குறிப்பு மினுங்கும். ஒரு சொடுக்கில் யாரோ ஒருவரின் மரம் உங்கள் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும்; அவர் செய்த பிழையும் சேர்ந்து வரும். நாற்பது மரங்களில் இருக்கிறதே என்று பிறகு அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். நாற்பதும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. இதில் ஒரு வேடிக்கை: பத்துத் தலைமுறை பின்னால் போனால் மூதாதையர் இடம் 1,024. ஒரு குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறவர் அந்த வரிசையில் ஒருவரை மட்டும் தன் முன்னோர் என்கிறார். மீதி 1,023 பேர் என்ன பாவம் செய்தார்கள்?

அதே ஏடுகளை ஏணியாக வைத்து ஏறாமல் பக்கவாட்டில் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வரலாற்றாய்வாளர்கள் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 1981இல் வெளியிட்ட இங்கிலாந்து மக்கள்தொகை வரலாறு சாட்சி. 404 ஊர்களின் பதிவேடுகளில் மாதாமாதம் விழுந்த பெயர்களை எண்ணித் தந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்த் தன்னார்வலர்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து மூன்று நூற்றாண்டுகளின் பிறப்பும் இறப்பும் மணமும் எழுந்து நின்றன. தன் தாத்தாவைத் தேடி வந்த கைகள் ஊரையே கண்டெடுத்தன என்று இதைச் சொல்லலாம்.

ஆங்கில வம்சத்தைத் தேடி வருகிறவர்கள் சிலரின் பாதை சென்னையில் வந்து முடிகிறது. கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயப் பதிவேட்டில் ராபர்ட் கிளைவின் 1753ஆம் ஆண்டுத் திருமணம் இருக்கிறது. மதராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் கப்பலேறி, இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தகப்பன் பெயர் கிடைக்கும். பல இடங்களில் பதவியும் படைப்பிரிவும் கிடைக்கும். தாய் இந்தியப் பெண்ணாக இருந்தால் பலமுறை ஞானஸ்நானப் பெயர் ஒன்றுதான். சில வரிகளில் அதுவும் இல்லை. அவள் எந்த ஊர், வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை எழுத வேண்டிய அவசியம் அந்த எழுத்தருக்கு இருக்கவில்லை. மரம் வரையும் இணையதளமோ அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.