குமுளி எல்லையும் ஒருமொழி மாநிலக் கருத்தும்: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

1956 நவம்பர் 1இல் தென்னிந்திய மாநிலங்கள் மொழியை முதன்மை அடிப்படையாகக் கொண்டு திருத்தியமைக்கப்பட்டன. ஒரு மொழி பேசுவோர் ஒரு பண்பாட்டினர் என்பதும், ஒரு பண்பாட்டினர் ஓர் ஆட்சியின்கீழ் அமையத்தக்கவர் என்பதும் இவ்வமைப்புக்கு அடிப்படையான இரு கருத்துகள். முதற்கருத்து மொழியியலாரின் ஆய்வுக்கு உரியது. இரண்டாவது அரசியலுக்கு உரியது. நடைமுறையிலோ முதற்கருத்து ஆராயப்படாமலே ஏற்கப்பட்டு, இரண்டாவதற்குச் சான்றாகவும் காட்டப்பட்டது.

திருவிதாங்கூர், கொச்சி, மலபார் என வெவ்வேறு ஆட்சிகளின்கீழ் இருந்த பகுதிகளை ஒன்றாகக் கண்ட ஐக்கிய கேரளக் கருத்துக்கும் இது பொருந்தும். திருச்சூரிலோ கோட்டயத்திலோ நின்று நோக்குவோர்க்கு இக்குறை எளிதில் தோன்றாது. பீர்மேடு வட்டத்தின் கிழக்கு விளிம்பில், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் சாலையின் தலைப்பில் அமைந்த குமுளியில் நின்று நோக்கினால் அது தெளிவாகத் தோன்றும். ஒரு மாநிலத்தின் வட்டாரங்களுக்குப் பொதுவான அடையாளம் உண்டா என்ற வினாவை அவ்வெல்லையில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. ஆணையத்தின் அளவுகோல்

பசல் அலி, குன்சுரு, பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் தன் அறிக்கையை அளித்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்த ஆணையம், திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு வேண்டிய தேவிகுளம், பீர்மேடு வட்டங்களை விட்டுவிட்டது. அவ்வட்டங்களின் தமிழருள் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலின் பொருட்டு வந்துபோகும் நிலையற்ற மக்கள் என்பதும், மலைநிலம் திருவிதாங்கூர்-கொச்சியின் பொருளாதாரத்துக்கு இன்றியமையாதது என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

இரண்டாவது காரணம் வெளிப்படையானது, மொழியோடு தொடர்பற்றது. திறனாய்வுக்கு உரியது முதற்காரணமே. மலைத்தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தோன்றின. கண்ணன் தேவன் மலைகளுக்குப் பூஞ்சாற்று அரசர் உரிமைப் பத்திரம் எழுதிக்கொடுத்தது 1877இல். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் திரட்டிய தொழிலாளருள் பலருடைய குடும்பங்கள் 1955க்குள் லயங்களில் தலைமுறை கண்டுவிட்டன. மறுபுறம், மீனச்சில், காஞ்சிரப்பள்ளிப் பகுதிகளிலிருந்து மலையாள உழவர் பெருந்தொகையாக மலையேறியது 1940களிலிருந்துதான். 1950களின் நடுவில் அரசே குடியேற்றத் திட்டம் வகுத்து அதனை ஊக்குவித்தது. இரு சாராரும் வந்தேறியவரே. எனினும் முன்னர் வந்தோர் ‘நிலையற்றோர்’ எனவும் பின்னர் வந்தோர் ‘குடியேறியோர்’ எனவும் குறிக்கப்பட்டனர். நிலவுரிமை உடையவனுக்கு ஒரு சொல்லும் கூலி பெறுபவனுக்கு மற்றொரு சொல்லும் வழங்கியமையே இவ்வேறுபாட்டின் அடிப்படை.

இத்தகைய சொல்லின் விளைவை இலங்கை மலையகத்தோடு ஒப்பிட்டு உணரலாம். அங்கே 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964 உடன்படிக்கையின்படி இந்தியா திரும்பியோருள் ஒரு பகுதியினர் வண்டிப்பெரியாற்றுக்கு அப்பால் கவியிலுள்ள ஏலத்தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர் என்பதும் எண்ணத்தக்கது. கேரளத்தில் தோட்டத் தமிழரின் வாக்குரிமை பறிக்கப்படவில்லை; எல்லை வகுக்கும்போது அவர்களது எண்ணிக்கையின் எடை மட்டுமே குறைக்கப்பட்டது.

அளவுகோலின் அலகும் இடத்துக்கிடம் மாறியது. எல்லை மாற்றத்தில் வட்டம் அலகாயிற்று. சிறுபான்மைப் பாதுகாப்பிலோ மாவட்டம் அலகாயிற்று. ஒரு மாவட்ட மக்களுள் 70 விழுக்காட்டினர் மாநிலச் சிறுபான்மை மொழியினராயின் அங்கு அம்மொழி ஆட்சிமொழியாகலாம் என்பது அன்றைய பரிந்துரை. 1972இல் இடுக்கி மாவட்டம் அமையும்வரை தேவிகுளமும் பீர்மேடும் கோட்டயம் மாவட்டத்தில் இருந்தமையால் அவ்விழுக்காட்டுக்கு அங்கு வாய்ப்பே இல்லை.

3. கிளைமொழிச் சான்று

பாண்டிய, சோழ நாட்டுப் பேச்சிலிருந்து கேரள பாஷையைப் பிரித்துக்காட்டும் முயற்சி 14ஆம் நூற்றாண்டின் லீலாதிலகத்திலேயே உண்டு. ஏ. ஆர். ராஜராஜ வர்மா கேரள பாணினீயத்தில் கூறிய ஆறு நயங்களுள் வினைமுற்றின் பாலிட விகுதி மறைவு முதன்மையானது. ‘வந்தேன், வந்தாய், வந்தான்’ என்னும் தமிழ் வடிவங்களுக்கு ‘வந்நு’ என்ற ஒரே வடிவம் மலையாளத்தில் நிற்கிறது. மெல்லினச் சாயலில் ‘நெஞ்சு’ ‘நெஞ்ஞு’ ஆவதும் இத்தகையதே.

இவை எழுத்துமொழிகளைப் பிரிக்கப் போதுமானவை. பேச்சு வழக்கில் நிலை வேறு. ‘அடித்து’ என்பது ‘அடிச்சு’ ஆவதும், ‘தலை’ என்பது ‘தல’ ஆவதும் மலையாளத்துக்கும் தமிழ்ப் பேச்சுக்கும் பொது. ஓர் ஒலிமாற்றத்தின் எல்லைக்கோடு மலைமுகட்டில் நிற்கலாம். மற்றொன்றன் கோடு அதனைக் கடந்து செல்லலாம். எல்லாக் கோடுகளும் ஒருங்கே விழும் இடத்தில்தான் மாநில எல்லையும் விழுந்தது என நிறுவப்படவில்லை.

வ. அய். சுப்பிரமணியம் வழிநடத்திய மலையாளக் கிளைமொழி அளவாய்வு 1974இல் வெளிவந்தது. அது ஈழவர்-தீயர் சமூகத்தாரின் பேச்சை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. கேரளம் முழுதும் பரவிய ஒரு சமூகத்தைத் தெரிந்தமையால் வட்டார வேறுபாடு சாதி வேறுபாட்டோடு குழம்பவில்லை. முறையியல் நோக்கில் இது சிறப்பே. ஆனால் அவ்வாய்வு மலையாளத்தின் உட்பிரிவுகளைக் காட்டுமேயன்றி, மாநிலத்தில் வழங்கும் பேச்சுகளின் முழுப்பரப்பைக் காட்டாது. லயத்துத் தமிழும் மலைப்பழங்குடியினர் பேச்சும் அதன் எல்லைக்குப் புறம்பானவை. ஆகவே அதனைக் கேரளத்தின் மொழி ஒருமைக்குச் சான்றாகக் காட்டுவது அவ்வாய்வு சொல்லாததைச் சொல்வதாகும்.

குமுளியை அடுத்து வாழும் மன்னான், பளியர் ஆகியோரின் பேச்சு இவ்வகையில் நோக்கத்தக்கது. மதுரையிலிருந்து வந்தவர் என்னும் வழக்கு மன்னானிடையே உண்டு. அவர்தம் பேச்சைத் தமிழ்க் கிளைமொழி என்பதும், மலையாளத்தோடு சார்த்துவதும், தனிமொழி என்பதும் வகைப்படுத்துவோர் எடுத்துக்கொள்ளும் கூறுகளைப் பொறுத்தவை. 1971 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 10,000க்குக் குறைவானோர் பேசும் தாய்மொழிகளைத் தனித்துக் காட்டுவதில்லை; இத்தகைய சிறுமொழிகள் ‘பிற’ என்னும் தொகையில் மறைகின்றன. பின்னர் அக்கணக்கே மொழி ஒருமைக்குச் சான்றாகிறது. இது சுழற்சி வாதம்.

4. பண்பாட்டுச் சான்று

தமிழ்த் தரப்பும் இக்குறைக்கு விலக்கன்று. குமுளிக்கு அருகிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலில் ஆண்டுதோறும் சித்திரை முழுநிலவு நாளில் நடைபெறும் விழாவுக்கு இடுக்கி, தேனி மாவட்ட நிருவாகங்கள் கூடி ஏற்பாடு செய்கின்றன. சிலம்பு தமிழ்க் காப்பியம்; ஆதலின் இம்மலை தமிழருடையது என்பர் ஒரு சாரார். இளங்கோ சேரர் குடியினர் என்பது மரபு. ஆதலின் அது கேரளத்தின் பழஞ்செல்வம் என்பர் மறுசாரார். சேரர் காலத்தில் இல்லாத ஓர் எல்லையைச் சேரர் காப்பியத்தைக் கொண்டு நிறுவ இரு சாராரும் முயல்கின்றனர். விழாவுக்கு வருவோர் இரு மொழியினர் என்பதே அங்குக் காணத்தகும் உண்மை.

பொருளியல் வாழ்வும் அவ்வாறே. இணையவழி ஏல ஏலம் எல்லைக்கு மேற்கே புற்றடியிலும் கிழக்கே போடிநாயக்கனூரிலும் நடைபெறுகிறது. ஏலக்காட்டு வேலைக்குக் கம்பம், கூடலூர்ப் பகுதியினர் நாள்தோறும் மலையேறுகின்றனர். 2011 திசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சிக்கல் முற்றியபோது குமுளிப் பாதை அடைபட்டது. அப்போது இருபுறத்திலும் வேலையும் வணிகமும் நின்றன. பண்பாட்டு வட்டாரம் ஒன்றாகவும் அரசியல் அடையாளம் இரண்டாகவும் இருத்தல் கூடும் என்பதற்கு இது சான்று.

5. அரசியல் அடையாளம்

அவ்வாறாயின் கேரளத்துக்குப் பொது அடையாளம் இல்லையா எனின், உண்டு என்பதே விடை. ஆனால் அது 1956க்கு முற்பட்ட பண்பாட்டின் பயனன்று. பின் வந்த சட்டம், கூலி, பள்ளி, வாக்கு ஆகியவற்றின் பயன். 2015 செப்டம்பரில் மூணாற்றில் தோட்டப் பெண்கள் நடத்திய போராட்டம் இதனை விளக்கும். அவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். எனினும் கூலிக்கும் போனசுக்கும் அவர்கள் நெருக்கியது கேரள அரசையே. அவர்கள் கொண்ட ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரும் ஆராயத்தக்கது. தமிழ்ப் பேச்சில் பரவலான ‘பொம்பளை’ என்பதன் இதழ்குவிந்த உயிர் அதில் இல்லை. ‘ஒற்றுமை’ என்னும் இடத்தில் மலையாள ‘ஒரும’யின் பொருள் தமிழ் ஐகார ஈற்றோடு நிற்கிறது. இரு மொழிகளுக்கு இடையே வாழ்வோர் ஒரு மாநிலத்தின் குடிமக்களாய்ப் பேசிய பெயர் அது.

மறுதலைச் சான்று ஆந்திரம். அதே 1956 நவம்பர் 1இல், அதே மொழிக் கொள்கையின்படி இணைந்த தெலுங்கு மாநிலம் 2014 சூன் 2இல் பிரிந்தது. மொழி ஒன்றாயிருந்தும் அரசியல் அடையாளம் ஒன்றாகவில்லை. ஆகவே மொழி ஒருமை பொது அடையாளத்துக்குப் போதுமானதுமன்று. மூணாறு காட்டுவதுபோல், இன்றியமையாததுமன்று.

6. முடிவுரை

கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ளவும், அம்மொழியிலேயே விடைபெறவும் இடமளிக்கிறது. இவ்வுரிமையை உண்மையாக்குவோர் மொழிபெயர்ப்பாளரே. லயத்துத் தொழிலாளி எழுதும் மனுவில் மலையாள நிருவாகச் சொற்கள் விரவி வருவது இயல்பு. அதனைச் சென்னைத் தமிழுக்குத் திருத்தினாலும், பிழைத்தமிழ் எனத் தள்ளினாலும் மனுவின் பொருள் சிதையும். அவ்வட்டாரத்து இருமொழிச் சொற்களைத் தொகுத்துப் பதிவு செய்தல் உடனடித் தேவை.

மொழியியலாரின் பொறுப்பு இதனினும் பெரிது. ‘கிளைமொழி’, ‘தாய்மொழி’, ‘நிலையற்ற மக்கள்’ போன்ற பெயர்கள் கோப்புக்குள் புகுந்தவுடன் எல்லைகளாகவும் உரிமைகளாகவும் மாறுகின்றன. வகைப்படுத்தும்போது எக்கூறுகளைக் கொண்டு, எவர் பேச்சைக் கேட்டு, எதனை விடுத்து அம்முடிவுக்கு வந்தனர் என்பதை உடன் கூறுதல் வேண்டும். குமுளியில் வாழ்வோர் எந்த மாநிலத்தவர் என்பதைச் சட்டம் கூறிவிட்டது. அவர்கள் எம்மொழியினர் என்பதை அச்சட்டத்தைக் கொண்டு முடிவு செய்தல் ஆய்வாகாது.