இருபத்தொரு வயதுக்குள் ரிமாண்ட்

குற்ற வழக்கில் சிக்கிய இளைஞர்களை முதிர்ந்த கைதிகளோடு சேர்க்காமல் தனியே வைப்பதற்கான இடம், புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளி. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பார்ஸ்டல் என்ற ஊரில் 1902இல் தொடங்கிய முறை இது. 1925ஆம் ஆண்டின் சென்னை பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம் வழியாக நமக்கு வந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டம் வேறு இல்லங்களை வகுத்துவிட்டதால், இன்று பார்ஸ்டலுக்கு உரியவர்கள் 18 முதல் 21 வயதுவரை உள்ளவர்களே.

இப்படிப் பிரித்து வைப்பது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. அடிதடி வழக்கில் முதன்முறை உள்ளே போகும் பத்தொன்பது வயதுப் பையனைப் பல வழக்குகள் கண்ட ரவுடியின் பிளாக்கில் அடைத்தால், அவனுக்கு ஓர் 'அண்ணன்' கிடைத்துவிடுவார். சோப்பும் பீடியும் அவர் கொடுப்பார். ஜாமீனுக்கு வக்கீலும் அவரே பிடிப்பார். வெளியே வந்தபின் அந்த நன்றிக்கடனைக் கேட்டு ஆள் வரும். சிறைக்குப் புதிதாக வருபவர் அங்குள்ள வழக்கங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனதாக்கிக்கொள்வதை அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்ட் கிளெம்மர் 1940இலேயே விரிவாக எழுதினார்.

ஆனால் வயதைப் பார்த்துப் பிரித்தால் மட்டும் போதாது. தண்டனை பெற்றவர்களை இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வைத்துப் படிப்பும் தொழிலும் கற்றுக்கொடுப்பதே பார்ஸ்டல் சட்டத்தின் நோக்கம். இப்போதோ தமிழ்நாட்டு பார்ஸ்டல்களில் ரிமாண்ட் கைதிகளும் அடைக்கப்படுகிறார்கள். நாடு முழுவதும் 2022இல் சிறையில் இருந்தவர்களில் 75 விழுக்காட்டுக்கும் மேல் விசாரணைக் கைதிகள்தாம். அடுத்த வாரம் ஜாமீன் கிடைக்குமா, ஆறு மாதம் ஆகுமா என்று தெரியாதவனுக்கு எந்தப் பாடத்தைத் தொடங்குவது? வேலையின்றிக் கழியும் நாட்களில் சின்னப் பேச்சும் சண்டையாகிறது. தனியாக இருக்க அஞ்சுபவன் ஏதாவது ஒரு கூட்டத்தில் சேர்கிறான். அறந்தாங்கியிலிருந்து கூலி வேலையை விட்டுவிட்டு வந்து மனு போட்டுப் பார்க்கும் அம்மாவால் எத்தனை முறை வர முடியும்? அவர் வராத வாரங்களில் அந்தக் கூட்டமே அவனுக்குக் குடும்பம்.

கூட்டம் சாதியாகவும் அமையலாம். மோதலைத் தவிர்க்கவே சாதிவாரியாகப் பிரிக்கிறோம் என்ற வாதம் தமிழகச் சிறைகளில் நெடுநாள் நிலவியது. அத்தகைய பிரிவினை அரசமைப்புக்கு எதிரானது என உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தது. இருபது வயதில் சாதிவாரியாக அடைபட்டவன், வெளியே வரும்போது அந்த வேலியையும் மனத்தில் சுமந்தே வருவான்.

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றங்களில் 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்கவும், அனுப்பினால் காரணத்தைப் பதியவும் சொல்கிறது. தண்டனை வழங்கும்போது சட்டம் கோரும் அந்தத் தயக்கத்தை, ரிமாண்ட் உத்தரவில் கையெழுத்திடும்போதே நம் நடுவர்கள் காட்ட வேண்டும்.