பாதியில் திருப்பிப் போடுவது

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் தொடங்கி வல்லம், ஒரகடம் வரை பரவியிருக்கும் சிறு உதிரிபாகப் பட்டறைகளில் ஒரு கைப்பழக்கம் உண்டு. ஹவுசிங் என்னும் கூட்டின் துளைக்குள் புஷ் என்னும் உலோக உருளையைப் பிரஸ்ஸால் இறக்கும்போது, பாதி ஆழத்தில் நிறுத்திவிடுவார்கள். பிறகு ஹவுசிங்கை அரைச்சுற்று திருப்பி வைத்து மீதியை அமுக்குவார்கள். அப்படிச் செய்தால் புஷ் கோணாமல் உட்காரும் என்பது கணக்கு. வேலைக்குறிப்புத் தாளில் இது இருக்காது. பிரஸ்ஸை அமைக்கும் செட்டரின் வாயிலிருந்து ஹெல்ப்பர் காதுக்குத்தான் வரும்: "தம்பி, ஒரே மூச்சுல இறக்காத. பாதியில நிறுத்தி, திருப்பிப் போட்டு அமுக்கு."

இதைப் பட்டறை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்பும் துப்பாக்கி சுடும் போட்டியாளர்களும் இதையே செய்கிறார்கள். குண்டைப் பாதி அழுத்தி, தோட்டாக் கூட்டைத் திருப்பி, மீதியை அழுத்துகிறார்கள். குண்டு கூட்டின் நடுக்கோட்டில் நிற்காவிட்டால் குறி சிதறும் என்பது அவர்கள் கவலை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க முடியாது என்பதால், அந்தப் பொழுதுபோக்கு இங்கே வேர்விடவில்லை. ஆனால் இறுக்கமான துளைக்குள் ஓர் உருளையை நேராக இறக்கும் சிக்கல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இருவேறு தரப்பினர் ஒரே வழிக்கு வந்திருக்கிறார்கள் என்றால், அதில் ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

என்ன இருக்கிறது என்று பார்க்க மைக்ரான் கணக்குக்குப் போக வேண்டும். 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்ற பொருத்த அளவு என்றால், துளை 25.000 முதல் 25.021 வரை இருக்கலாம். அதற்குள் போகும் பி6 புஷ்ஷின் வெளிவிட்டம் 25.022 முதல் 25.035 வரை. ஆக இறுக்கம் குறைந்தது 1 மைக்ரான், மிஞ்சிப்போனால் 35. இப்போது பிரஸ்ஸில் இறங்கி அமுக்கும் தண்டான ராம் 100 மில்லிமீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர் சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய பிரஸ்ஸில் அது பெரிய சாய்வே இல்லை, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் 25 மில்லிமீட்டர் அகலத்தில் அந்தச் சாய்வு 25 மைக்ரான். இறுக்கம் முழுவதற்கும் ஒதுக்கிய அளவில் பெரும்பகுதியை இந்த ஒரு சாய்வே தின்றுவிடும்.

சாய்வு பல வழிகளில் வரும். முன்பக்கம் திறந்த சி-ஃபிரேம் பிரஸ்ஸில் பாரம் ஏறும்போது ஃபிரேமின் வாய் முன்பக்கமாகக் கொஞ்சம் திறக்கும், ராமும் அதோடு சாயும். ராம் ஓடும் கைடு தேய்ந்திருக்கலாம். மேசைத் தகட்டில் நேற்றைய சுருள் ஒன்று ஒட்டியிருக்கலாம். இவை எல்லாம் இயந்திரத்தைச் சேர்ந்தவை. பாகத்தை எப்படித் திருப்பினாலும் அவை நின்ற திசையிலேயே நிற்கும். அதனால் முதல் பாதியில் புஷ்ஷின் ஒரு விளிம்பை அதிகம் தள்ளிய ராம், திருப்பிய பிறகு எதிர் விளிம்பை அதிகம் தள்ளுகிறது. இரண்டும் ஓரளவு கழிந்துபோகின்றன. பழக்கத்தின் பலம் இந்த இடத்தில் இருக்கிறது, அது உண்மையான பலம். கைக்காசு செலவில்லாமல், தேய்ந்த பிரஸ்ஸிலிருந்து தேறக்கூடிய பாகத்தை எடுத்துத் தருகிறது.

பாகத்தைச் சேர்ந்த கோணலுக்கோ இது எதுவும் செய்யாது. புஷ்ஷின் முகம் கோணலாக வெட்டப்பட்டிருக்கலாம். துளை வாயில் சேம்பர் என்னும் சரிவு வெட்டு ஒரு பக்கம் குறைந்திருக்கலாம். ஹவுசிங்கின் ஒரு புறம் தடித்த விலாவும் மறுபுறம் மெல்லிய சுவருமாக இருந்தால், மெல்லிய பக்கம் விலகிக்கொடுக்கும். இந்தக் குறைகள் பாகத்தோடு சேர்ந்தே திரும்புகின்றன. அரைச்சுற்று என்ன, முழுச்சுற்று சுற்றினாலும் அவை கழியாது.

அதைவிட முக்கியம், கோணல் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டரிலேயே முடிவாகிவிடுகிறது. சாய்ந்து நுழையும் புஷ்ஷின் விளிம்பு துளைச் சுவரை ஒரு பக்கம் சீவிக்கொண்டே போகும். டார்ச் அடித்துப் பார்த்தால் சுவரில் பளபளப்பான ஒரு பிறைக் கீறல் தெரியும். அடியில் மயிரிழை போன்ற உலோகச் சுருள் கிடக்கும். பாதி ஆழத்தில் திருப்பும்போது இந்தச் சேதம் நடந்து முடிந்திருக்கும். திருப்புவதால் புஷ் நிமிரலாம், சீவிய உலோகம் திரும்பி வராது. டயல் கேஜ் வைத்து அளந்தால் பாகம் தேறிவிடும். வண்டியில் ஓடும்போது பாரம் தாங்க வேண்டிய சுவரில் ஒரு பக்கம் இறுக்கமே இருக்காது. அளவில் தேறிப் பிடிப்பில் தோற்கும் பாகத்தை நான் ரிஜெக்ஷனைவிட மோசமானதாகவே கருதுகிறேன், ஏனென்றால் அது பட்டறையை விட்டு வெளியே போய்விடுகிறது.

பெரிய ஆலைகளில் கதையே வேறு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வந்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் வந்தன. இந்த அளவிலான உற்பத்தியில் பிரஸ்ஸின் விசையை லோடு செல்லால் அளந்து, ஆழத்துக்கு எதிராகக் கோடாக வரையும் முறை இருக்கிறது. கோடு குறித்த எல்லைக்குள் ஏறினால்தான் பாகம் அடுத்த நிலைக்குப் போகும். அங்கே பாதியில் நிறுத்தினால் கோடு கெடும். நின்ற புஷ்ஷை மறுபடி நகர்த்த, ஓடிக்கொண்டிருக்கும் புஷ்ஷைவிட அதிக விசை வேண்டும், கோட்டில் ஒரு முள் எழும்பும். அத்தகைய லைனில் இந்தப் பழக்கத்துக்கு வழியில்லை. லோடு செல் இல்லாத கொட்டகையில்தான் அது நிலைக்கிறது.

கொட்டகையில் அதற்கு இன்னொரு விலை உண்டு. பாதியில் திருப்ப வேண்டுமென்றால் ராமுக்கு அடியில் கை இரண்டாவது முறை போக வேண்டும். கால் பெடலால் ஓடும் பிரஸ்ஸில், பீஸ் ரேட்டில் வேலை செய்யும் ஒருவர், ஷிஃப்ட் முடியும் நேரத்தில், பெடலிலிருந்து காலை எடுக்காமலே கையை நீட்டுவார். வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் இழந்த தொழிலாளர்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா அமைப்பு 2019 முதல் 'கிரஷ்டு' என்ற தலைப்பில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. ஹரியானாவிலும் மகாராஷ்டிரத்திலும் அவர்கள் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள். நம் பக்கத்து வரிசை வீடுகளில் தங்கி ஷிஃப்ட்டுக்குப் போகும் ஒடிசா, பீகார் பிள்ளைகளின் நிலையும் வேறில்லை. 25 மைக்ரானுக்காக ஒரு விரலை ராமுக்கு அடியில் அனுப்பும் முறையை, அது எவ்வளவு நேராக இறக்கினாலும், உற்பத்தி முறை என்று நான் ஏற்க மாட்டேன்.

அதற்காகப் பழக்கத்தை முழுக்கக் கைவிடவும் வேண்டியதில்லை. சோதனைக் கருவியாக அது அருமையானது. ஷிஃப்ட் தொடங்குமுன் சில டம்மி பாகங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆள் நிற்கும் பக்கம் மார்க்கரால் கோடு போட்டு, சிலவற்றைத் திருப்பாமலும் சிலவற்றைத் திருப்பியும் இறக்க வேண்டும். பிரஸ்ஸை அணைத்துவிட்டுத் திருப்பினால் போதும், அங்கே அவசரம் ஒன்றும் இல்லை. பிறகு டயலில் உயரப் புள்ளி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். திருப்பாத பாகங்களில் அது எப்போதும் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்து, திருப்பியவற்றில் குறைந்தால், குறை பிரஸ்ஸில். கைடை இறுக்கவோ தகட்டைச் சமன் செய்யவோ வேண்டும். புள்ளி கண்டபடி விழுந்தால், புஷ்ஷின் முகத்தையும் சேம்பரையும் பார்க்க வேண்டும். பல செட்டர்கள் இந்தச் சோதனையைக் கையில் வைத்துக்கொண்டே, விடையைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

உற்பத்திக்கு வேண்டியது வேறு. துளைக்குள் முன்னே போய்ப் புஷ்ஷை நடுக்கோட்டில் பிடிக்கும் ஒரு பைலட் தண்டு, புஷ்ஷின் நுனியில் 15 டிகிரி சரிவு. இரண்டையும் அதே கொட்டகையின் லேத்திலேயே கடைந்துவிடலாம். ஹவுசிங் அலுமினியம் என்றால் பிரஸ்ஸே தேவைப்படாமல் போகலாம்: வெப்பநிலையை 80 டிகிரி உயர்த்தினால் 25 மில்லிமீட்டர் துளை சுமார் 46 மைக்ரான் விரியும், அதிகபட்ச இறுக்கமான 35ஐத் தாண்டிவிடும், குளிர்ந்த புஷ்ஷை வெறும் கையாலேயே இறக்கலாம். வார்ப்பிரும்பில் அதே சூட்டுக்கு அதில் பாதிதான் விரியும், அங்கே பிரஸ்ஸும் பைலட்டும்தான் கதி. தேய்ந்த சி-ஃபிரேமுக்குப் பதில், இருபுறமும் தூண் கொண்ட எச்-ஃபிரேம் வாங்குவது பெரிய செலவு, பீஸுக்கு இவ்வளவு பைசா என்று பேரம் பேசப்படும் பட்டறை அதைத் தனியாகத் தாங்காது. ஆர்டர் கொடுக்கும் நிறுவனம், தான் கேட்டு வாங்கும் கொட்டேஷனில் பைலட் போன்ற ஃபிக்சருக்கென்று ஒரு தனி வரி வைக்க வேண்டும், ஆடிட்டுக்கு வரும்போது ராமுக்கு அடியில் கை எத்தனை முறை போகிறது என்று எண்ணவும் வேண்டும்.