ஈயச் சொம்பும் விஞ்ஞானத் தமிழும்

தமிழில் விஞ்ஞானம் எழுதியவர்களுக்கு ஆச்சரியக் குறியின்மேல் தனிப் பிரியம். பெ. நா. அப்புஸ்வாமியின் புத்தகப் பெயர்களையே பாருங்கள்: ‘அற்புத உலகம்’, ‘மின்சாரத்தின் விந்தை’. வக்கீல் படிப்புப் படித்தவர். 1917-ல் விஞ்ஞானக் கட்டுரை எழுதத் தொடங்கி, 1986-ல் காலமாகும்வரை அந்த ஈடுபாட்டை விடாதவர். அவருடைய வாக்கியங்கள் இன்றும் தெளிவு குன்றாமல் இருக்கின்றன. எத்தனை நாவலாசிரியர்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? ஆகவே வியப்பை அவருடைய குறையாக நான் சொல்லவில்லை. அவர் பேனா எடுத்த காலத்தில் தமிழ் வாசகன் யந்திரத்துக்கு வெளியே, வெகு தூரத்தில் நின்றான். தூரத்தில் நிற்பவனுக்கு முதலில் வருவது பிரமிப்புத்தான்.

அந்த வாசகன் இப்போது இடம் மாறிவிட்டான் என்பதைத்தான் நம் விஞ்ஞான எழுத்து கவனிக்கவில்லை.

சென்னையிலிருந்து பெங்களூர் சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை வருகிறது. அங்கே 1998-ல் ஹூண்டாய் கார் செய்ய ஆரம்பித்தது. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது. அதற்குத் தெற்கே ஒரகடத்தில் ரெனோ–நிஸான் 2010-லும், ராயல் என்ஃபீல்டு 2013-லும் ஆலை திறந்தன. வல்லம் வடகாலில் ஆலைப் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் குடியிருப்பு 2024-ல் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் ஒரு சிறிய ஊர் அளவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள்! தமிழில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அவர்களில் ஏராளம். பதிப்பாளருக்கு நாக்கில் நீர் ஊற வேண்டிய செய்தி இது. ஆனால், அவர்களில் ஒருத்தி ‘நான் செய்கிற வேலை என்ன?’ என்று கேட்டால் கையில் கொடுக்கும்படி நம்மிடம் என்ன புத்தகம் இருக்கிறது? ‘கைப்பேசியின் விந்தை’ அவளுக்கு எதற்கு? விந்தையை அவள் எட்டு மணி நேரம் கையால் தொட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கைப்பேசிக்குள் இருக்கும் பச்சைப் பலகையில் கடுகளவுச் சாமான்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பசை போன்ற பற்றாசைத் தடவி, சாமான்களை அதன்மேல் வைத்து, பலகையை நீண்ட அடுப்பு ஒன்றின் வழியே அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் அந்தப் பற்றாசு வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகும், காரீயம் 327-ல். இரண்டையும் தக்க அளவில் கலந்தால் 183-லேயே உருகிவிடுகிறது. இரண்டு பிடிவாதக்காரர்கள் சேர்ந்ததும் இருவருமே இளகிப்போவானேன்? இது நல்ல கேள்வி. கதைக்குக்கூட உதவும்.

காரீயம் விஷம் என்பதால் மின்னணுச் சாமான்களில் அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஐரோப்பாவில் 2006 ஜூலையில் அமலுக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொடங்கிய அதே வருஷம். வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவை அந்த இடத்துக்கு வந்தது. அது உருக 217 டிகிரி வேண்டும். அடுப்பின் சூடு ஏறியது. இன்னொன்றும் மாறியது. பழைய பற்றாசில் பற்று பளபளவென்று இருந்தால் நல்லது, மங்கினால் சந்தேகம் என்று ஒரு விதி உண்டு. புதிய கலவை இயல்பிலேயே சற்று மங்கலாகத்தான் இருக்கும். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் நல்ல பலகையைத் தள்ளிவிடுவார். காரணம் தெரிந்தவர் ஒரு நிமிஷம் நின்று யோசிப்பார். ஆராய்ச்சி என்று பெரிய வார்த்தையில் நாம் சொல்வது அந்த ஒரு நிமிஷத்திலிருந்து முளைப்பதுதான்.

இதைத் தமிழில் சொல்ல முடியாதா? நம் வீட்டு ஈயச் சொம்பு முக்கால்வாசியைச் சொல்லிவிடுமே! ரசம் இருக்கும்வரை சொம்பு அடுப்பில் பத்திரமாக இருக்கும். ரசம் வற்றினால் சொம்பே உருகிவிடும். கொதிக்கும் ரசம் தன் சூட்டை நூறு டிகிரிக்குமேல் அதிகம் ஏற விடாது என்பது பாட்டிக்குத் தெரியாது. ஆனால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக்கூடாது என்று தெரியும். தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்தவர், காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத்தைத் தூவிப் புகை கிளப்பினாரே, ஏன்? உலோகத்தின் மேலிருக்கும் களிம்பு நீங்கினால்தான் ஈயம் பிடிக்கும். ஆலையில் பற்றாசுப் பசைக்குள் கலந்திருக்கும் மருந்தும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ‘பற்றாசு’ என்ற சொல்லையும் யாரும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை, தட்டானிடம் இருப்பது. வெண்பாவில் முதற்குறளுக்கும் தனிச்சொல்லுக்கும் நடுவே ஓசை நிரம்ப வைக்கும் ஓரிரு அசைக்கு ‘ஆசு’ என்ற பெயர் கிடைத்ததும் அந்தப் பட்டறையிலிருந்துதான்.

ஆனால் நம்மவர்கள் சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். 1916-ல் சேலத்தில் ராஜாஜி முதலானோர் விஞ்ஞானச் சொற்களுக்காகச் சங்கம் வைத்தார்கள். பெரியசாமித் தூரனின் ஆசிரியப் பொறுப்பில் 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வந்தது. இரண்டும் பெரிய காரியங்கள், சந்தேகமில்லை. பின்னால் வந்தவர்களோ வடமொழியா, தனித்தமிழா, ஒலிபெயர்ப்பா என்ற சண்டையிலேயே சக்தியைச் செலவழித்தார்கள். சொல் அகராதியில் பிழைத்திருக்கும். உயிரோடு இருக்க ஒரு வாக்கியம் வேண்டும், அந்த வாக்கியத்தில் யாராவது ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இது பாலபாடம். ராஜாஜிக்குத் தெரிந்திருந்தது. ‘திண்ணை ரசாயனம்’ என்று பெயர் வைத்தாரே, அந்தப் பெயரிலேயே ஒரு மனிதக் குரல் கேட்கிறது. என்ன, திண்ணையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

அவசரம் இருந்த இடம் யாழ்ப்பாணம். 1847-ல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களையும் மொழிபெயர்த்து அச்சிட்டார். அவர் தமிழில் கரடுமுரடு உண்டு. ஆனால் அவருடைய வாசகன் மறுநாள் காலையில் ஒரு நோயாளியின் கட்டிலருகே நிற்க வேண்டியவன். புரியாமல் போனால் உயிர் போகும். அந்த நிர்ப்பந்தம் அப்புஸ்வாமிக்கு இல்லை, சுஜாதாவுக்கும் இல்லை. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயர். பற்றாசை அறியாதவர் அல்ல. அவரைப்போல் லாகவமாக எழுதவும் ஆளில்லை. ‘ஏன், எதற்கு, எப்படி?’ பகுதியில் அவர் பதில்கள் சுவையானவை. ஆனால் வாசகர் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டலாம். கேள்வி அங்கே திருப்தியாக முடிந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது முடியாத கேள்வி.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்று கேட்கலாம். நோக்கியாவின் கதையால்தான். எட்டு வருஷம் ஓடிய ஆலை 2014 நவம்பர் முதல் தேதி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வீடு திரும்பினார்கள். கைக்குப் பழகிய ஓர் அசைவை ஊருக்கு எடுத்துப்போய் என்ன செய்வது? பலகையும் கலவையும் ஏன் அப்படி இருக்கின்றன என்று தெரிந்திருந்தால் அவர்களில் நூறு பேராவது வேறு எதையாவது செய்து பார்த்திருக்கமாட்டார்களா?

இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த ஹூண்டாயின் கதை வேறு. 1967-ல் தோன்றிய கம்பெனி அது. 1975-ல் அவர்கள் செய்த ‘போனி’ காருக்கு உருவம் இத்தாலியருடையது, என்ஜின் ஜப்பானியருடையது. 1991-ல் சொந்த என்ஜின் செய்துவிட்டார்கள். நடுவில் நடந்த பதினாறு வருஷப் படிப்பு பெரும்பாலும் கொரிய மொழியில் நடந்தது. கொரியா தன் வருமானத்தில் ஐந்து சதவீதத்தை ஒட்டிய தொகையை ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. நாம் 2020–21 கணக்குப்படி 0.64 சதவீதம். பணத்தைச் சர்க்காரும் முதலாளிகளும் பார்த்துக்கொள்ளட்டும். வாக்கியம் எங்கள் பொறுப்பு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழிலும் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் பரீட்சைக்காக எழுதப்படும் பாடநூல் பரீட்சையோடு மூடப்பட்டுவிடும்.

எனக்கு வேண்டிய புத்தகத்தை என்னைப் போன்ற கதாசிரியன் எழுத முடியாது. டிப்ளமா படித்து, பத்து வருஷம் அந்த அடுப்பின் பக்கத்தில் நின்ற ஒருவர் எழுத வேண்டும். வேண்டுமானால் வாக்கியங்களை நாம் உட்கார்ந்து திருத்திக் கொடுக்கலாம். முதல் அத்தியாயம் ஈயச் சொம்பு. ஒவ்வொரு அத்தியாயமும் விடை சொல்லாத ஒரு கேள்வியோடு நிற்கட்டும். நூற்றைம்பது பக்கம், கைப்பையில் அடங்கும் அளவு. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். ஷிப்டு முடிந்து போகும் பஸ்ஸில் வெளிச்சம் போதாது.